கணக்குக் கேட்கும் வயது

நேயர்களுக்கு வணக்கம்.

திரையிலோ மேடையிலோ ஒரு சிறு பிள்ளை நடிப்பதைப் பார்த்து மகிழ்ந்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்திருப்பார்கள் என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அந்தச் சம்பளம் யார் கைக்குப் போயிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. பெற்றோர் கைக்குத்தான், வேறு யார் கைக்குப் போகும் என்ற விடை நம் மனத்தில் முன்பே ஆயத்தமாக இருக்கிறது. குடும்பச் சொத்து வழக்குகளோடு நெடுங்காலம் பழகிய வழக்கறிஞன் என்ற முறையில், அந்த விடையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு உங்களோடு பேச விரும்புகிறேன்.

1921-ஆம் ஆண்டு வெளிவந்த சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் அவரோடு நடித்த சிறுவனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவன் பெயர் ஜாக்கி கூகன். படம் வெளிவந்தபோது அவனுக்கு வயது ஆறு. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவன் ஈட்டிய பணம் முப்பது முதல் நாற்பது லட்சம் டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைய டாலர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1935-ஆம் ஆண்டு நேர்ந்த கார் விபத்தில் தந்தை இறந்தார். உடன் சென்ற கூகன் உயிர் தப்பினார். அதே ஆண்டில் அவருக்கு 21 வயது நிறைந்தது. சிறு வயது முதல் உழைத்துச் சேர்த்தது இனித் தன் கைக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வரவில்லை. குடும்பத்தின் பண விவகாரங்களைக் கவனித்துவந்தவரையே தாய் மறுமணம் செய்துகொண்டார். 1938-இல் கூகன் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு சமரசத்தில் முடிந்த அந்த வழக்கில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டாலர் மட்டுமே.

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும், கேட்பவர்கள் அந்தத் தாயைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அன்றைய கலிபோர்னியச் சட்டம் தாயின் பக்கம் இருந்தது. வயது நிறையாத பிள்ளையின் உழைப்பும் ஊதியமும் பெற்றோருக்கே உரியவை என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் வேரூன்றிய விதி. சோறு போட்டு, துணி கொடுத்து, படிக்கவைத்து வளர்க்கும் கடமை பெற்றோருடையது என்பதால், பிள்ளை வயலிலும் பட்டறையிலும் செய்த சிறு வேலையின் பயனும் அவர்களுக்கே என்று அந்த விதி ஈடுகட்டிக்கொண்டது. பிள்ளையின் வருமானம் வளர்ப்புச் செலவைவிடச் சிறியதாக இருந்தவரை இதில் பெரிய அநியாயம் இல்லை. வீட்டிலேயே மிகுதியாகச் சம்பாதிப்பவன் ஆறு வயதுப் பையன் என்ற நிலை வந்தபோது, விதி தலைகீழானது. யார் யாரை வளர்க்கிறார்கள் என்பதே அங்கே குழம்பிப்போகிறது.

கூகன் வழக்கு எழுப்பிய பரபரப்பில் 1939-இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் பிறந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பிள்ளையின் வருமானத்தில் ஒரு பகுதியை எடுத்துவைக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது அச்சட்டம். ஆனால் நீதிமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்த ஒப்பந்தங்களுக்கே அது பொருந்தும். ஒப்புதலுக்கே கொண்டுபோகாவிட்டால்? அந்த ஓட்டை அறுபது ஆண்டுகள் அடைபடாமல் கிடந்தது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், கலைத் துறையில் பிள்ளை ஈட்டுவது பிள்ளையின் தனிச் சொத்து என்றும், அதில் 15 சதவீதத்தையாவது யாரும் தொட முடியாத கணக்கில் போட வேண்டும் என்றும் ஆக்கியது.

இடையில் என்ன நடந்தது என்பதற்கு ஷர்லி டெம்பிளின் கணக்கே போதும். ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய குழந்தை நட்சத்திரம் அவர். வளர்ந்து பெரியவரான பின்பு கணக்கைப் பார்த்தபோது, ஈட்டிய 32 லட்சம் டாலரில் மிஞ்சியிருந்தது சுமார் 44,000 டாலர் என்று தன்வரலாற்றில் எழுதினார். அவர் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்கவில்லை. அன்பு குறையாமல் இருந்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் பிள்ளைகளின் பெருந்தன்மையை நம்பிச் சட்டம் எழுத முடியாது.

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன்; என்னை அறிந்தவர்கள் இதை எதிர்பார்த்திருப்பார்கள். பூட்டிவைக்கும் 15 சதவீதத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். மீதி 85 சதவீதத்துக்குக் கணக்கு யார் காட்டுவது? பிறர் பணத்தைக் கையாளும் எவரிடமும் நாம் கணக்குக் கேட்கிறோம்: கோயில் தர்மகர்த்தாவிடம் கேட்கிறோம், சங்கத்தின் பொருளாளரிடம் கேட்கிறோம். நீதிமன்றம் நியமித்த காப்பாளர் மைனரின் சொத்துக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். பெற்றோரிடம் கேட்பதுமட்டும் அவமதிப்பாகத் தோன்றுகிறது. கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதாகாது என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒழுங்கான கணக்கு முதலில் காப்பாற்றுவது நேர்மையான பெற்றோரைத்தான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தாயை நினைத்துக்கொள்கிறேன். மகளின் படப்பிடிப்புகளுக்குத் துணையாகச் செல்வதற்காகத் தம் வேலையை விட்டவர் அவர். வண்டிச் செலவு, நடனப் பயிற்சிக் கட்டணம், விடுபட்ட பாடங்களுக்குத் தனி ஆசிரியர் என்று ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். தம் செலவுக்கு எடுத்துக்கொண்ட தொகையும் அதில் இருந்தது. அந்த வரிகளில்மட்டும் எழுத்து மிகச் சிறியதாக இருந்தது. ‘இதை எடுத்தது தப்பா?’ என்று கேட்டார். தப்பில்லை என்றேன். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு நாள் முழுதும் நிற்பவருக்கு ஊதியம் உண்டு. அதற்கு ஓர் அளவு வகுத்து, வெளிப்படையாக எடுத்துக்கொள்வதே முறை. அளவை வகுப்பவர்மட்டும் எடுத்துக்கொள்பவராகவே இருக்கக் கூடாது. தாய்தந்தையருக்கு வளர்க்கும் உரிமை முழுமையாக இருக்கட்டும். பணப்பெட்டியின் சாவியில் ஒன்று வெளியார் ஒருவரிடம் இருக்கட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை மறுமுனையிலிருந்து தொடங்கினார்கள். பிள்ளைக்கு எவ்வளவு பூட்டிவைப்பது என்று அமெரிக்கர் கேட்டால், பெற்றோருக்கு எவ்வளவு விடுவது என்று பிரான்ஸ் கேட்கிறது. அந்தப் பங்கை ஒரு குழு தீர்மானிக்கிறது. மிஞ்சியது பொது நிதி நிறுவனம் ஒன்றில் பிள்ளை உரிய வயதை அடையும்வரை கிடக்கிறது. கேள்வியைத் திருப்பிப் போட்டவுடன் பணம் யாருடையது என்பதில் ஐயம் இல்லாமல் போகிறது. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

இந்தியாவிலும் விதி உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து 2017-இல் வந்த விதிகளின்படி, கலைத் துறையில் பணியாற்றும் குழந்தையின் வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். நேரடியாக என்ற அந்தச் சொல் மிக நல்ல சொல். பணம் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அதைத் திரும்ப வங்கிக்கு அனுப்ப எந்த வீட்டிலும் மனம் வராது. அதற்குள் கூரை ஒழுகும், கடன்காரர் வருவார், மூத்தவனுக்குக் கல்லூரிக் கட்டணம் வரும். எல்லாமே உண்மையான செலவுகள்தாம். மற்ற 80 சதவீதத்தைப் பற்றி என் பல்லவி உங்களுக்கு இப்போது மனப்பாடமாகியிருக்கும்.

நிலையத்தார் கைகாட்டுகிறார்கள், கடைசியாகச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூடத்திலேயே கைப்பேசியில் படம்பிடித்து வலையில் ஏற்றப்படும் குழந்தைகளுக்கு ஒப்பந்தமும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. தந்தையோ தாயோதான் முதலாளி. பிரான்ஸ் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர்களையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இலினாய் மாநிலச் சட்டம் 2024 சூலை முதல் நடப்பில் உள்ளது. கலிபோர்னியாவும் அந்த ஆண்டே பின்தொடர்ந்தது. நேரடியாக வங்கியில் செலுத்த வெளியே ஒரு தயாரிப்பாளர் இல்லாத இடத்தில், பணத்தை அனுப்பும் காணொளித் தளமே பிள்ளையின் பங்கைப் பிரித்து வங்கிக்கு அனுப்பினால் என்ன என்பது என் யோசனை. அதில் உள்ள சிக்கல்களைப் பேச இன்று நேரமில்லை. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.