மாவு பொங்குன கணக்கு

மேடையில இருக்குற தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்குற பேரூராட்சித் தலைவர் ஐயாவுக்கும், எனக்குப் பொன்னாடை போர்த்துன முன்னாள் மாணவர் சங்கச் செயலாளருக்கும் (துணி நல்லா கனமா இருக்கு, இந்த வெயில்ல கழட்டவும் மனசு வரல), மைக் செட் தம்பிக்கும், முன்வரிசையில கொட்டாவி விடுற ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கும் வணக்கம். பயோகெமிஸ்ட்ரி கணக்கு பத்தி மூணு விஷயம் சொல்லிட்டு உக்காந்துடுறேன். புரதம், ஏடிபி, டிஎன்ஏ.

முதல்ல புரதம். கிளைசின்னா புரதச் சங்கிலியில ஒரு கண்ணி, ஒரு அமினோ அமிலம், மூலக்கூறு எடை 75. 10 கிளைசின் சேர்ந்து ஒரு சங்கிலி ஆச்சு, அதோட மூலக்கூறு எடை என்னன்னு கேட்டா பாதிப்பேர் 750-லேர்ந்து பத்து தண்ணியைக் கழிக்கிறாங்க. ஏம்ப்பா, பத்து பேர் வரிசையா கை கோத்து நின்னா பிடி எத்தனை? ஒம்போது. ஒரு பிடிக்கு ஒரு தண்ணி மூலக்கூறு, எடை 18, வெளிய போகும், ஆக 9 × 18 = 162, மிச்சம் 588. இதை மனப்பாடம் பண்ண வேண்டாம், எழுந்து கை கோத்துப் பாருங்க போதும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

இப்ப என் கதை. காலேஜ் சேந்த புதுசுல அம்மா ஒரு தூக்குவாளி நிறைய இட்லி மாவு அரைச்சு, மூடியை நல்லா இறுக்கி, தேனியிலேர்ந்து மெட்ராஸ் பஸ்ல ஏத்திவிட்டாங்க. சித்திரை மாசம், நல்ல புழுக்கம், நான் வாளியை மேல சாமான் வைக்கிற கம்பியில வெச்சுட்டு தூங்கிட்டேன். திண்டுக்கல் தாண்டி எங்கயோ டொப்புனு ஒரு சத்தம், மூடி பறந்துடுச்சு, மாவு அப்படியே வழிஞ்சு முன் சீட்டு பெரியவரோட வெள்ளை வேட்டி, சட்டை, மீசை வரைக்கும். கண்டக்டர் லைட்டைப் போட்டு "யாருய்யா அது பஸ்ஸுக்குள்ள சுண்ணாம்பு அடிக்கிறது"ன்னார். அந்தப் பெரியவர் மீசையைத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு "உளுந்து கொஞ்சம் கம்மிப்பா"ன்னார்! மெட்ராஸ் வர்ற வரைக்கும் நான் தலை நிமிரல.

அந்த மாவுல வேலை பாக்குறதுல முக்கியமான ஆளு லூக்கோனாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா. அது ஒரு குளுக்கோஸை உடைச்சா ஒரு லாக்டிக் அமிலம், ஒரு ஆல்கஹால், ஒரு கார்பன் டை ஆக்சைடு. 180 கிராம் குளுக்கோஸ் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணுற அளவு), அப்ப 18 கிராம் தின்னுச்சுன்னா 0.1 மோல் வாயு, நம்ம ஊர் சூட்டுல சுமார் 2.5 லிட்டர். மூடி பறக்காம என்ன பண்ணும்? இந்தக் கணக்கை நான் படிச்ச ஸ்கூல்ல யாரும் காட்டல, ஏன்னா லேபுக்குப் பூட்டு. ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவ திறந்தாங்க, ரெண்டும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு. ஏட்டுச் சுரைக்காய்தான் தின்னோம்.

ரெண்டாவது ஏடிபி, செல்லுக்குள்ள சக்தியைச் சுமக்குற மூலக்கூறு. 1929-லயே இதைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் எல்லாப்ரகடா சுப்பாராவ், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். ஒரு குளுக்கோஸை உடம்பு முழுசா எரிச்சா 38 ஏடிபின்னு பழைய கைடு, 32-ன்னு புதுப் புத்தகம், எது சரின்னு பிள்ளைங்க சண்டை. எலக்ட்ரானைச் சுமந்துபோயி ஏடிபி செய்ய உதவுற என்ஏடிஹெச் 10, எஃப்ஏடிஹெச்2 ரெண்டு, நேரடியா கிடைக்குற ஏடிபி 4, இந்த எண்ணிக்கை மாறல. முன்னாடி 3-ஆலயும் 2-ஆலயும் பெருக்குனாங்க, இப்ப 2.5, 1.5. போட்டுப் பாருங்க, 25 + 3 + 4. விடையை மட்டும் மனப்பாடம் பண்ணவன் முழிப்பான், வழி தெரிஞ்சவன் ரெண்டையும் எழுதுவான். ஆனா வழி எங்க கத்துக்குறது? லேப்ல. மறுபடியும் பூட்டுக்கே வர்றேன்னு செயலாளர் சிரிக்கிறாரு, வேற எங்க சார் போறது, சுரைக்காய் உள்ளதான இருக்கு.

மூணாவது டிஎன்ஏ... துண்டுச்சீட்டு வந்துடுச்சு, தலைவர் ஐயாவுக்கு அடுத்த கல்யாணத்துக்குப் போகணுமாம். சரி. எச்எம் அம்மா, வர்றப்ப பாத்தேன், உங்க லேப் பூட்டும் துருப்பிடிச்சுதான் இருக்கு. சாவியை மட்டும் தேடி வைங்க, திங்கக்கிழமை எண்ணெய் டப்பாவோட நானே வர்றேன், அயோடின் பாட்டிலும் என் செலவு.