'கல்யாணம் வரைக்கும் வேண்டாம்'னு மட்டும் சொன்னா போதுமா? குடியாத்தம் நேயரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "டாக்டரம்மா, என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல பாலியல் கல்வி வேணும்னு சொல்றீங்க. கல்யாணம் ஆகிற வரைக்கும் அதெல்லாம் கூடாதுன்னு சொல்லி வளர்த்தா போதாதா? அமெரிக்காவுலயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றார். கருத்தடை, ஆணுறைன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடாதா?"

உங்க பயம் நியாயமானதும்மா. பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட, பையன்கிட்டயும்தான், "இப்ப வேண்டாம்"னு நானும் சொல்வேன். அதுல நமக்குள்ள சண்டையே இல்லை. அதோட வாயை மூடிக்கலாமாங்கறதுதான் கேள்வி.

உங்க வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான். அமெரிக்காவுல 1996ல ஒரு சட்டம் கொண்டுவந்து, வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி உறவே கூடாதுன்னு சொல்லிக் கொடுக்கிற பாடத்துக்கு மட்டும்தான் அந்தப் பணம். கருத்தடையைப் பரிந்துரைக்கக் கூடாது, அது எப்பெப்ப தோத்துப்போகும்னு வேணா சொல்லலாம். பலன் என்னன்னு பார்க்க அவங்க அரசாங்கமே ஒரு ஆய்வு பண்ண வச்சது, 2007ல அறிக்கை வந்தது. அந்தப் பாடம் படிச்ச பிள்ளைங்க, படிக்காத பிள்ளைங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து 2,000 பேருக்கு மேல. உறவு வச்சுக்காம இருந்தவங்க எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒரே அளவு. முதல் உறவு வச்சுக்கிட்ட சராசரி வயசும் ஒண்ணேதான், 14.9.

கல்யாணம் வரைக்கும் பொறுப்பேன்னு சத்தியம் பண்ணின பிள்ளைங்களைப் பத்தியும் ஆய்வு இருக்கு. சில சூழ்நிலையில அவங்க ஒண்ணரை வருஷம் வரைக்கும் தள்ளிப்போட்டாங்க. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா சத்தியம் உடைஞ்ச அன்னைக்கு, மத்த பிள்ளைங்களை விட இவங்கதான் கருத்தடைப் பாதுகாப்பு இல்லாம இருந்தாங்க.

இன்னொண்ணும் நேர்மையாச் சொல்லணும். 2010ல வெளிவந்த ஒரு ஆய்வுல, பன்னண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு "பொறுத்திரு"ங்கற பாடம் நல்லாவே வேலை செஞ்சது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்தப் பாடம் படிச்சவங்கள்ல மூணுல ஒரு பங்குதான் உறவு ஆரம்பிச்சிருந்தாங்க. மத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி. ஆனா அந்தப் பாடத்துல "கல்யாணம் வரைக்கும்"னு சொல்லலை, ஆணுறையைக் கேவலமாப் பேசலை, பாவம் புண்ணியம்னு மிரட்டலை. நீ தயாராகற வரைக்கும் பொறு, ஏன் பொறுக்கணும், எப்படி மறுக்கணும்னு உட்கார வச்சுப் பேசினாங்க.

அந்த நாட்டுல 1991ல, 15லிருந்து 19 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள் 1,000 பேருக்கு 61.8 பிரசவம். இப்ப 13 அளவுக்கு இறங்கியிருக்கு. கருத்தடை பத்தின அறிவும் அது கைக்குக் கிடைச்சதும் அதுக்கு முக்கியக் காரணம். சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க சீக்கிரம் ஆரம்பிச்சுடுவாங்கங்கற பயத்துக்கும் பதில் இருக்கு. பல நாட்டு ஆய்வுகளை எடுத்துப் பார்த்த யுனெஸ்கோ, அப்படி ஆகறதில்லைன்னுதான் சொல்லுது.

சரி, அமெரிக்காவை விடுங்க. நம்ம வேலூருக்கு வருவோம், எனக்கு மனசு அடிச்சுக்கறது இங்கதான். அங்க பதினாறு வயசுல கர்ப்பம்னா பெரும்பாலும் கல்யாணம் ஆகாத பொண்ணு. நம்ம ஊர்ல அந்த வயசுல வயித்துல பிள்ளையோட வர்ற பொண்ணு கழுத்துல பெரும்பாலும் தாலி இருக்கும். ஜவ்வாது மலை, பீஞ்சமந்தைப் பக்கம் மட்டும் இல்லை, கீழே டவுன்லயும்தான். பையன்கூடப் பேசினதைப் பார்த்துட்டாங்கன்னு அவசர அவசரமா மாமன் மகனுக்குக் கட்டி வச்ச பொண்ணுங்க உண்டு. "கல்யாணம் வரைக்கும் பொறு"ன்னு மட்டும் சொல்லிக் கொடுத்தா, அந்தப் பொண்ணுக்கு நாம என்னம்மா கொடுத்தோம்? அவ பொறுத்தா. பெரியவங்கதான் பொறுக்கலை. தாலி ஏறின அன்னைக்கு ராத்திரி அவளுக்கு ஒரு விவரமும் தெரியாது, வேண்டாம்னு சொல்லலாம்னு தெரியாது, பிள்ளையைத் தள்ளிப்போட வழி இருக்குன்னும் தெரியாது.

இந்தியாவுல 15லிருந்து 19 வயசுப் பெண்கள்ல 6.8 சதவீதம் பேர் தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தாங்கன்னு 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. தமிழ்நாட்டுல 6.3. முந்தைய கணக்கெடுப்புல நாம 5 சதவீதம். நாடு இறங்குது, நாம ஏறியிருக்கோம். இவ்வளவு பொண்ணுங்க காலேஜ் படிக்கிற மாநிலத்துல இது நடக்கக் கூடாது. அந்த வயசுல இடுப்பெலும்பு முழுசா வளர்ந்திருக்காது, ரத்தசோகை வேற இருக்கும். ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம், எடை குறைஞ்ச குழந்தை, எல்லாத்துக்கும் வாய்ப்பு அதிகம்.

வெளியே சொல்லவும் பயம். கிராம சுகாதார நர்ஸம்மாகிட்ட கர்ப்பத்தைப் பதிவு பண்ணி, பிக்மி நம்பர்ங்கற அரசாங்கப் பதிவு எண்ணை வாங்கணும்னா ஆதார் காட்டணும், வயசு தெரிஞ்சுடும். 18 வயசுக்குக் கீழன்னா போக்ஸோ சட்டப்படி ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தே ஆகணும். அந்த வயசுப் பொண்ணுகூட உறவு வச்சுக்கிட்டவர் புருஷனாவே இருந்தாலும் சட்டத்துக்கு அது குற்றம்தான். 2017லயே உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. உடனே வீட்ல மறைப்பாங்க. பப்பாளி கொடுப்பாங்க, மெடிக்கல்ல ஏதோ மாத்திரை வாங்கித் தருவாங்க, ரத்தப்போக்கு நிக்காம போனதுக்கப்புறம் தூக்கிட்டு ஓடி வருவாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா இன்னும் தாமதம். நாள் தள்ளிப்போனா அது கர்ப்பமா இருக்கலாம்னே தெரியாத பிள்ளைங்க உண்டு. ஒரு தடவைல ஆகாதுன்னு யாரோ சொன்னதை நம்பினவங்க உண்டு.

இதுவும் பல பேருக்குத் தெரியாது. கருக்கலைப்பு சட்டப்பூர்வமானது. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும். மைனர் பொண்ணுக்கு 24 வாரம் வரைக்கும் ரெண்டு டாக்டர் பார்த்து முடிவு பண்ணலாம், காப்பாளர் கையெழுத்து வேணும். பொண்ணும் காப்பாளரும் கேட்டுக்கிட்டா, போலீசுக்குப் போற தகவல்ல அந்தப் பொண்ணோட பேரை டாக்டர் எழுத வேண்டியதில்லைன்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

"நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது"ங்கற பேச்சு புதுசு இல்லை. 1986ல, இந்தியாவுக்கு எய்ட்ஸ் வராது, நம்ம பண்பாடு அப்படின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. சென்னையில எடுத்த ரத்தத்தை நம்ம வேலூர் சி.எம்.சி.யிலதான் சோதிச்சாங்க. இருந்தது. அப்புறம் அந்தப் பயத்துல பள்ளிகளுக்கு வளரிளம் பருவக் கல்வின்னு ஒரு திட்டம் வந்தப்போ, 2007 வாக்குல மகாராஷ்டிரா, கர்நாடகா மாதிரி பல மாநிலங்கள் எதிர்த்து நிறுத்திட்டாங்க. நம்ம புத்தகத்துல எட்டாவதுலயே வளரிளம் பருவத்தைப் பத்திப் பாடம் இருக்கு. பல வகுப்புல "நீங்களே படிச்சுக்குங்க"ன்னு தாண்டிப் போயிடறாங்க. பொண்ணு வயசுக்கு வந்தா ஃப்ளெக்ஸ் அடிச்சு ஊருக்கே சொல்றோம். அது ஏன் வருது, இனிமே உன் உடம்புல என்ன நடக்கும்னு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் யாரும் சொல்றதில்லை. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

உங்க பொண்ணுகிட்ட என்ன பேசலாம்னா, ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டாதீங்க. மாதவிலக்கு எதனால வருது, கர்ப்பம் எப்படி உண்டாகுது, இதை நேராச் சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க. யார் தொட்டாலும், அது சொந்தக்காரரா இருந்தாலும், பிடிக்கலைன்னா தள்ளி விடலாம், சத்தம் போடலாம்னு சொல்லுங்க. போட்டோ அனுப்புன்னு எவன் கேட்டாலும் அனுப்பாதேன்னு சொல்லுங்க. கருத்தடைன்னா என்னன்னும் தெரியட்டும். அது தெரிஞ்சதால எந்தப் பொண்ணும் கெட்டுப்போனதை நான் பிரசவ வார்டுல பார்க்கலை. இப்ப வேண்டாம், படிப்பு முடியட்டும்னு உங்க கருத்தையும் தாராளமாச் சொல்லுங்க. கூடவே, "ஏதாவது ஆயிடுச்சுன்னா முதல்ல என்கிட்ட வா, நான் அடிக்க மாட்டேன்"னு சொல்லுங்க. சொல்லிட்டா அப்படியே நடந்துக்குங்க. பையன் இருந்தா அவனையும் உட்கார வச்சுப் பேசுங்க. அதை அப்பா செஞ்சா இன்னும் நல்லது.

எங்கயாவது ஒரு பொண்ணுக்கு அவசரக் கல்யாணம் பேசறாங்கன்னு தெரிஞ்சா 1098க்கு கூப்பிடுங்க. பள்ளிக்கூடத்துல ஏதாவது தொந்தரவுன்னா 14417. உங்க பொண்ணுக்கும் இந்த ரெண்டு நம்பரையும் எழுதிக் கொடுத்துடுங்கம்மா. வெட்கப்பட்டு உங்ககிட்ட கேட்க முடியாத கேள்வி அவளுக்கு இருந்தா, கூட்டிட்டு வாங்க, நான் தனியாப் பேசறேன்.