விளம்பரம் செய்யக் கூடாத வக்கீல் எப்படிக் கண்ணில் படுகிறார்?

[திரையில்: ஒரு சட்ட நிறுவனத்தின் இணையதளம் திறக்கிறது. நடுவில் ஒரு கட்டம் வந்து பக்கத்தை மறைக்கிறது.]

வணக்கம். நம் நாட்டில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் இணையதளத்தைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே போகுமுன் இப்படி ஒரு கட்டம் மறிக்கும். 'நானாக விரும்பித்தான் இங்கே வந்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை, இது விளம்பரம் அல்ல' என்ற பொருளில் நாலு வரி இருக்கும். ஒப்புக்கொண்டால்தான் வழி விடும். நகைக்கடைக்கு இது கிடையாது, கல்லூரிக்குக் கிடையாது. வக்கீலுக்கு மட்டும் ஏன்?

காரணம், வக்கீல்களை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒன்று. வழக்கறிஞர் வழக்கு தேடி அலையக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. நேராகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. சுற்றறிக்கை, தரகர், தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வரவைப்பது, அதனுடன் தன் போட்டோவைப் போடவைப்பது, எல்லாம் தடை.

[திரையில்: பாரிமுனை, தம்புசெட்டித் தெரு. மாடிப்படி ஓரத்தில் பெயர்ப்பலகைகள்.]

பெயர்ப்பலகைக்கும் கணக்கு உண்டு. அளவாக இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதி என்றோ, பார் கவுன்சில் உறுப்பினர் என்றோ, இன்ன வழக்கில் கைதேர்ந்தவர் என்றோ அதில் போடக் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்பவர்கள் ஒரு பழைய பம்பாய் வழக்கைப் பார்க்க வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் சில வக்கீல்கள் காத்திருப்பார்கள். வழக்குக்காக வருகிறவரைக் கண்டதும் ஓடிப் போய் மொய்ப்பார்கள், கையில் உள்ள காகிதத்தைப் பிடுங்குவார்கள், தங்களுக்குள் தள்ளுமுள்ளு வேறு. புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல என்று 1975-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அமெரிக்கா அதே காலத்தில் வேறு பக்கம் திரும்பியது. 1976-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு வக்கீல்கள் நாளிதழில் கட்டணப் பட்டியலையே போட்டுவிட்டார்கள். இருவரும் சம்மதித்துப் பிரியும் விவாகரத்துக்கு 175 டாலர், கோர்ட் கட்டணம் தனி. நடவடிக்கை பாய்ந்தது. ஆனால் 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இந்த மாதிரி விளம்பரத்தை ஒரேயடியாகத் தடை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. இன்று அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் வக்கீல் முகம் போட்ட பெரிய பெரிய பலகைகளைப் பார்க்கலாம்.

நம் ஊரில் கதவு கொஞ்சம் திறந்தது 2008-இல். வழக்கறிஞர் இணையதளம் வைக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு விவரம், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் நடத்துகிறார், அவ்வளவுதான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் இறுக்கிப் பிடித்தது. வக்கீல்களுக்கு மதிப்பெண் கொடுத்து வரிசைப்படுத்தும் இணையதளங்களைக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில், நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்து வீடியோ போடுவதைப் பார் கவுன்சிலே கண்டித்து அறிக்கை விட்டது.

சரி, அப்படியானால் வேறு என்னதான் வழி?

முதல் வழி எழுத்து. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

[திரையில்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பதிவுகள்.]

இரண்டுமே செக் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது பற்றியவை. நாமே எழுதிப் பார்த்த மாதிரிகள். இடது பக்கம்: 'செக் பவுன்ஸா? கவலை வேண்டாம்! நூற்றுக்கு நூறு வெற்றி! உடனே அழையுங்கள்.' இது விதிக்கும் ஆகாது, படிப்பவருக்கும் பிரயோஜனமில்லை.

வலது பக்கம்: 'செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். பணம் இல்லை என்று வங்கி திருப்பித் தந்த தகவல் கைக்கு வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். வங்கி கொடுக்கும் மெமோவைத் தொலைக்காதீர்கள்.'

இதில் எங்கேயும் 'என்னிடம் வாருங்கள்' இல்லை. ஆனால் நள்ளிரவில் செக்கை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் தேடுகிற கடைக்காரருக்கு வேண்டியது இதுதான். நோட்டீஸ் அனுப்ப ஆள் தேடும்போது யார் பெயர் ஞாபகம் வரும் என்று சொல்லவா வேண்டும்? அதுவும் தமிழில் இப்படித் தெளிவாக எழுதினால் இரட்டிப்புப் பலன். கோர்ட் ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கி, 'மேற்படி', 'யாதெனில்' என்று போட்டு வைத்தால், கட்சிக்காரர் இரண்டாவது வரியில் ஓடிவிடுவார்.

இரண்டாவது, பத்திரிகையும் டிவியும். புதுச் சட்டம் வந்தாலோ பெரிய தீர்ப்பு வந்தாலோ, விளக்கிச் சொல்ல நிருபருக்கு ஆள் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் எடுத்து, இரண்டே வாக்கியத்தில் புரியவைக்கிறவரைத்தான் அவர் மறுபடியும் கூப்பிடுவார். அடுத்தவர் வழக்கில் வந்த தீர்ப்பை விளக்கலாம். சிக்கல், தான் நடத்தும் வழக்கில்தான். விதி அப்படி இருந்தும், பெரிய வழக்கு என்றால் கோர்ட் வாசலில் மைக் நீட்டியதும் நின்று பேசுகிற காட்சியை டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதைக் கேட்பாரில்லை, கடைக்கோடி ஜூனியர் போடும் ஒரு ரீல்ஸுக்கு மட்டும் நோட்டீஸ் என்றால் அது நியாயமாகப் படவில்லை.

இந்தத் தடை எல்லாருக்கும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா வக்கீல், தாத்தா வக்கீல் என்ற வீட்டில் பிறந்தவருக்கு விளம்பரம் எதற்கு? கிராமத்திலிருந்து வந்து, முதல் தலைமுறையாகக் கறுப்புக் கோட்டுப் போட்டவருக்குத்தான் எழுத்தும் பேச்சும் தவிர வேறு வாசல் இல்லை.

மூன்றாவது, ஊர் வேலை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இதைச் சொல்லித்தான் பள்ளியிலும் கிராமத்திலும் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துகிறார்கள். அங்கே பேசப் போகும் இளம் வக்கீல் பட்டா பெயர் மாற்றத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் பதில் சொல்லிவிட்டு வருகிறார். போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுகிறவரையும், கடைசிக் கேள்வி வரை உட்கார்ந்திருப்பவரையும் ஊர் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும்.

[திரையில்: 15100]

இலவச சட்ட உதவி வேண்டுமென்றால் அழைக்க வேண்டிய எண் இது. அந்த வழியில் உங்களுக்கு வக்கீலை நியமித்தால் அவர் உங்களிடம் ஃபீஸ் கேட்கக் கூடாது. கேட்டால், நியமித்த சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே புகார் கொடுக்கலாம்.