முப்பது டொலருக்கு எந்த நீதிமன்றம்?

வணக்கம் நேயர்களே. கைபேசியில் ஒரு செயலியை இறக்கும்போது ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறோம். அதன் பின்னால் இருக்கிற நீண்ட நிபந்தனைகளின் கடைசிப் பக்கமாக ஒரு பந்தி வரும். பிணக்கு என்று வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும், எந்த ஊர் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம், அதாவது வழக்கை விசாரிக்கும் அதிகாரம், உண்டு என்று அதில் எழுதியிருக்கும். கூகுளின் நிபந்தனைகளில் கலிபோர்னியாச் சட்டமும் சாண்டா கிளாரா கவுண்டி நீதிமன்றங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளூர்ச் சட்டம் அதைத் தடுத்தால் உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே போகலாம் என்ற விலக்கும் அங்கேயே இருக்கிறது. அதுவரைக்கும் யார் வாசிக்கிறார்கள்!

தலவாக்கலையில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை, கொழும்பில் வேலை செய்யும் அண்ணனின் கார்டைக் கொடுத்து வெளிநாட்டு இணைய வகுப்பொன்றில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விலகிவிட்ட பிறகும் மாதா மாதம் பணம் போகிறது. மொத்தம் முப்பது டொலர். நிபந்தனையோ அமெரிக்காவின் டெலவெயர் மாநில நீதிமன்றம் என்கிறது. முப்பது டொலருக்காக யார் விமானம் ஏறுவார்கள்? அந்தப் பந்தியின் உண்மையான வேலையே வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் என்பது என் கருத்து.

நீதிமன்றங்களும் இதில் ஒரே மாதிரித் தீர்ப்புச் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத் தம்பதியர் ஒருவர் கார்னிவல் நிறுவனத்தின் உல்லாசக் கப்பலில் போனார்கள். மனைவி கப்பலில் வழுக்கி விழுந்து காயப்பட்டார். புளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்ததை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1991இல் செல்லும் என்றது. கனடாவின் உயர் நீதிமன்றம் 2017இல் மறுபக்கம் சாய்ந்தது. பேஸ்புக் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்று வழக்குப் போட்ட டெபோரா டூவெஸ் என்ற பெண்ணைக் கலிபோர்னியாவுக்குப் போகச் சொல்ல முடியாது என்றது. நாலுக்கு மூன்று என்ற வாக்கில்தான். ஐரோப்பிய ஒன்றியம் இதை வழக்காளியின் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. அங்கே நுகர்வோர் தம் சொந்த நாட்டிலேயே வழக்காடலாம். தம் நாட்டுச் சட்டம் தரும் கட்டாயப் பாதுகாப்பை எந்த நிபந்தனையாலும் பறிக்க முடியாது.

இலங்கையில் நுகர்வோருக்கென்று அப்படியொரு தனி விதி இல்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் பொத்தானை அழுத்திச் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே. இன்னொரு பக்கம், எதிராளி வசிக்கும் இடம், ஒப்பந்தம் உண்டான இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம் என்று பார்த்துத்தான் நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை நீதிமன்றத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே வாதாட இடமிருக்கிறது. ஆனால் முப்பது டொலருக்கு வாதாடச் சட்டத்தரணி வைத்தால் கட்டுப்படியாகாது, சட்டத்தரணியான நானே சொல்கிறேன்.

அப்படியானால் முதலில் வங்கிக்குப் போங்கள். கார்டில் போன பணத்தை மறுத்து முறையிட எந்த நாட்டு நீதிமன்றமும் தேவையில்லை. நாட்களைக் கடத்தாமல் எழுத்தில் கொடுங்கள், அதற்குக் காலவரம்பு உண்டு.

விற்றவர் இலங்கைக்காரர் என்றால் கை இன்னும் பலமாகிறது. ‘கொழும்பு நீதிமன்றங்கள் மட்டும்’ என்று போட்டிருக்கும் உள்ளூர் விற்பனைத் தளங்களும் உண்டு. பதுளையில் இருப்பவருக்கு அதுவும் ஒரு சாண்டா கிளாராதான். ஆனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவதை அந்த வரி தடுக்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தந்த வழி அது, கடைக்காரர் எழுதி வைத்து அடைக்க முடியாது. முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நாட்டில் அலுவலகமே இல்லாத நிறுவனம் என்றால் சபைக்கும் எட்டுவது கஷ்டம், அதனால்தான் வங்கியை முதலில் சொன்னேன்.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஆதாரத்தைத்தான். பணம் கட்டும் முன் விலையும் விலகும் விதியும் தெரிகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். விலகிய அன்று வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். கார்டு அண்ணனுடையது என்றால் முறையிட வேண்டியவரும் அண்ணன்தான், தங்கை அல்ல. நன்றி, வணக்கம்.