தென்காசிக் கோபுரம் எப்போ பிளந்துச்சு? 1792 ஓவியம் சொல்ற சாட்சி

(திரையில்: ராஜகோபுரம், கீழிருந்து மேலே)

தென்காசி காசி விஸ்வநாதர் கோவில். ஒன்பது நிலை, ஏறக்குறைய 180 அடி. குற்றாலத்துல சாரல் விழற நேரம் இந்த வாசல்ல நின்னா வேட்டியைக் கையில பிடிச்சுக்கணும், காத்து அப்படி! ஆனா அண்ணாந்து பாக்கிற இந்த ஒன்பது நிலையும் 1990-ல கும்பாபிஷேகம் கண்டது. அதுக்கு முன்னாடி இங்க நின்னது பிளந்து கிடந்த கோபுரம்.

எப்படிப் பிளந்துச்சு? இடி விழுந்ததுன்னு சொல்வாங்க, தீப்பிடிச்சதுன்னும் சொல்வாங்க. எப்போன்னு கேட்டா ஆளுக்கொரு காலம்.

(திரையில்: பழைய ஓவியம்)

இதைப் பாருங்க. 1792-ல இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியலும் அவரோட சகோதரர் மகன் வில்லியமும் மதராஸ்ல கிளம்பி குமரி முனை வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே வந்தாங்க. அந்தப் பயணத்துல வரைஞ்ச தென்காசிக் கோபுரம் இது. நடுவுல வாய் பிளந்து நிக்குது. அப்போ எந்தக் கதையா இருந்தாலும், முதல் பிளவு 1792-க்கு முந்தினதாத்தான் இருக்கணும்.

ஓவியத்தை நம்பலாமா? அவங்க கையில ஒரு இருட்டுப் பெட்டி இருந்துச்சு. லென்ஸ் வழியா எதிர்ல இருக்கிற காட்சி தாள்ல விழும். அது மேலயே கோடு போட்டுக்கலாம். அதனால கட்டடத்தோட உருவத்தை நான் நம்புவேன். முன்னால நிக்கிற மரம், ஆளுங்க? அழகுக்குச் சேர்க்கிறது அந்தக் கால ஓவியர்கள் வழக்கம், அதை விட்டுருவோம்.

நடுவுல பிளந்ததுக்கும் காரணம் இருக்கு. கோபுரத்துக்கு அடி கருங்கல், மேல செங்கல்லும் சுண்ணாம்பும். ஒவ்வொரு நிலையிலயும் வாசல் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நேர்கோட்டுல வரும். பலம் குறைஞ்ச இடம் அதுதான். உள்ள இருக்கிற மர உத்தரம் எரிஞ்சாலோ உளுத்தாலோ, மேல்பாரம் ரெண்டு பக்கமும் சரியும்.

15-ஆம் நூற்றாண்டுல இந்தக் கோவிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன் கல்வெட்டுல ஒரு பாட்டு இருக்கு. "வாராததோர் குற்றம் வந்தால்", அதைச் சரிசெய்து காப்பவங்களை நான் பணியறேன்னு ராஜாவே சொல்றார். ஓவியத்துக்கு அப்புறம் அந்தப் பணி நடக்க ரெண்டு நூற்றாண்டு ஆச்சு.

தென்காசி போனா கல் முடிஞ்சு சுதை தொடங்குற இடத்தைப் பாருங்க. மேல இருக்கிறது நம்ம காலத்துக் கட்டு. கீழ இருக்கிற கல்வாசல் டேனியல்கள் பாத்த வாசல்.