விளைவித்தவர் வீட்டில் ஏன் பசி?

வணக்கம். 2020-ல் உலகம் முழுக்க விளைந்த தானியம் அதுவரை இல்லாத அளவு. அதே வருஷம் பசியில் இருந்தவர்கள் 72 கோடி முதல் 81 கோடி வரை என்று ஐ.நா. மதிப்பிட்டது. முந்தைய வருஷத்தைவிடச் சுமார் 12 கோடி பேர் கூடுதல். இதில் பயிர் செய்கிற குடும்பங்களும் ஏராளம். எப்படி?

கோவிட் வந்த கதை உங்களுக்கே தெரியும், தாண்டிவிடலாம்.

விவசாயி என்றால் விற்கிறவர் என்றுதான் நினைக்கிறோம். சிறு விவசாயி வீடு பல மாதம் உணவை வாங்குகிற வீடு. அறுவடையை விற்றுக் கடனை அடைக்கிறார். அப்புறம் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அந்தக் காசில் ஒரு பகுதி நிலத்திலிருந்து வருவதே இல்லை. கூலி வேலை, நகரத்திலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம். சந்தையும் நகரமும் ஒரே நாளில் மூடினால் இரண்டும் போச்சு. மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது; கறக்காவிட்டால் மடி வீங்கும். கறந்த பாலைக் கொட்ட வேண்டியதுதான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1348-ல் இங்கிலாந்துக்குள் பிளேக் நுழைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்கள் செத்துப்போனார்கள். வயலில் பயிர் நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை. மிஞ்சிய கூலியாட்கள் சம்பளத்தை ஏற்றிக் கேட்டார்கள். நிலக்காரர்களுக்குப் பொறுக்குமா? 1351-ல் சட்டமே வந்தது: 1346-ல் என்ன கூலியோ அதற்கு மேல் யாரும் வாங்கக் கூடாது! செத்தவனுக்குப் பதில் ஆள் வராது, ஆனால் பழைய கூலி மட்டும் திரும்பி வர வேண்டுமாம். இப்போது 2020 ஏப்ரலுக்கு வாருங்கள். அதே நாடு, காய்கனி பறிக்க ஆள் இல்லை, ருமேனியாவிலிருந்து தனி விமானத்தில் தொழிலாளர்களை இறக்கினார்கள். ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது! ஏழை நாடுகளில் நேர்மாறு. நகரத்தில் வேலை போனவர்கள் கிராமத்துக்கே திரும்பினார்கள். சோறு கேட்கும் வாய் கூடியது, வேலை கூடவில்லை.

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது வாரச் சந்தைகள் மூடின. கூட்டம் கூடக் கூடாது என்பதால், அக்கம்பக்கத்தார் முறைவைத்து ஒருவர் வயலில் ஒருவர் உழைப்பதும் நின்றது.

தொற்று போனதும் பசி போய்விடாது. அந்த நேரத்தில் ஆட்டை விற்றிருப்பார்கள், விதைக்கு வைத்ததைத் தின்றிருப்பார்கள். அது தெரிவது அடுத்த விதைப்பில். கோவிட் வருஷங்களில் நீங்கள் வயலில் இருந்தவரா? முதலில் எதை விற்றீர்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.