இரண்டரை நிமிடம் தாங்கும் உடல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கோஷமும் ஆட்டமும் சாகசமுமாகக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் சியர்லீடிங் அணிகளுக்கு எப்படிப்பட்ட உடற்பயிற்சி வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இந்த அணிகளில் இருக்கிறார்கள். "கையில் பந்து மாதிரி ரெண்டு குஞ்சத்தை வைத்து ஆட்டுவதற்கு எதற்கம்மா இத்தனை பயிற்சி?" என்று கேட்கிற தாத்தா பாட்டிகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1898இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று கோஷம் எழுப்ப வைத்தாரே, அன்றைக்கு இதற்குக் குரல் இருந்தால் போதும். இன்றைக்கு நிலைமை வேறு. போட்டியில் ஓர் அணிக்குக் கிடைப்பது சுமார் இரண்டரை நிமிடம். அதற்குள் ஆளைத் தூக்கி நிறுத்தும் ஸ்டன்ட், கரணம் அடிக்கும் டம்ப்ளிங், வரிசையாக மூன்று நான்கு தாவல்கள், பல ஸ்டன்டுகளை இணைத்துக் கட்டும் பிரமிட், நடனம் எல்லாம் வந்தாக வேண்டும். நடுவில் மூச்சு வாங்க இடமில்லை. பல அணிகள் பிரமிடைக் கடைசிப் பகுதியில்தான் வைக்கின்றன. அதாவது, தொடை எரிந்து கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம் இதுதான். ஸ்டன்ட் விழுந்தால் பயிற்சியாளர்கள் உடனே நுட்பத்தைக் குறை சொல்கிறார்கள். பயிற்சியின் முதல் அரை மணியில் பிசகாத ஸ்டன்ட் கடைசி அரை மணியில் மட்டும் விழுகிறதென்றால், அது நுட்பக் கோளாறு அல்ல, களைப்பு.

2009 முதல் 2014 வரையிலான ஐந்து பள்ளியாண்டுகளின் காயங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. அதில் பதிவான காயங்களில் பாதிக்கும் மேல் ஸ்டன்டின்போது நேர்ந்தவை. பத்துக்கு மூன்று என்ற கணக்கில் மூளையதிர்ச்சி. மொத்தக் காயங்களின் விகிதம் மற்ற பல விளையாட்டுகளைவிடக் குறைவுதான், ஆனால் வந்தால் லேசில் போவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இலேயே சியர்லீடிங்கை முறையான விளையாட்டாக நடத்துங்கள், உடல் வலுப்பயிற்சி கொடுங்கள், பிரமிட் இரண்டு ஆள் உயரத்தைத் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

அணியில் மூன்று வேலைகள் உண்டு. கீழே நின்று தூக்குபவர் பேஸ். பின்னால் நின்று கணுக்காலையோ இடுப்பையோ தாங்குபவர் பேக் ஸ்பாட். மேலே போகிறவர் ஃப்ளையர். மூவருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அடித்தளம் பொதுவாக இருக்கலாம். அதற்குமேல் கொஞ்சம் பிரித்தே கொடுக்க வேண்டும்.

பேஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் கவனிக்கப்படாதவர்கள் அவர்கள்தான். தூக்குவது கைவேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கால்வேலை. பாதங்கள் தோளகலம், முதுகு நேராக, முழங்கால் மடிந்து உடல் கீழே இறங்கும். ஃப்ளையரின் பாதம் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கும். தொடை நிமிர்கிற வேகத்தில் பாதம் மேலே போகிறது. கைகள் அந்த வேகத்தைத் தொடர்ந்து போய், உச்சியில் முழங்கையைப் பூட்டி நிறுத்துகின்றன. தொடை சோர்ந்துவிட்டால் இந்த வரிசை குலைகிறது. கால் மடிவதற்குப் பதில் இடுப்பு குனிகிறது, தோள் மட்டும் தள்ளுகிறது, முழங்கை பூட்டுவதில்லை. அப்போது பேஸ் தன்னை அறியாமல் பின்னால் சாய்ந்து கீழ்முதுகை வளைத்துச் சமாளிக்கிறார். பதினைந்து வயதில் அந்த வளைவை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால் முதுகெலும்பில் அழுத்த முறிவுவரை போகும். முதுகைப் பின்னால் வளைக்கும்போது மட்டும் ஒரு பக்கமாகக் குத்துகிறது என்று பிள்ளை சொன்னால், தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கான வலுப்பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. டம்பெலை மார்போடு அணைத்துப் பிடித்து, முழங்காலை மடித்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு. எடை எவ்வளவு என்றால், சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்ற தெம்பு மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடித்து இறங்கும் லஞ்ச், காலுக்கு எட்டு. இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் டெட்லிஃப்ட், தொடையின் பின்தசைக்காக. பேஸுக்கும் பேக் ஸ்பாட்டுக்கும் முக்கியமானது புஷ் பிரஸ். இரண்டு டம்பெலைத் தோளில் வைத்து, முழங்காலை லேசாக மடித்து, காலின் உந்துதலில் தலைக்கு மேலே ஏற்றி, இரண்டு நொடி பூட்டி நிறுத்துவது. ஸ்டன்டின் அசைவே இதுதான், ஆள் மட்டும் இல்லை. தள்ளுகிற பயிற்சிக்கு ஈடாக இழுக்கிற பயிற்சியும் வேண்டும். குனிந்து நின்று டம்பெலை விலாவுக்கு இழுக்கும் டம்பெல் ரோ செய்யாத அணிகளில்தான் தோள்வலி மலிந்து கிடக்கிறது. கடைசியாக, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க், முப்பது நொடி மூன்று தடவை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நீட்டிப் போட்டி வைப்பதில் பயனில்லை. இடுப்பு தொங்கிய பிறகு நிற்கிற ஒவ்வொரு நொடியும் கீழ்முதுகுக்குச் சுமை.

ஃப்ளையர் விஷயம் வேறு. மேலே நிற்பவர் தன் உடம்பை இறுக்கிப் பிடித்தால்தான் கீழே இருப்பவருக்குப் பாரம் குறைந்து தெரியும். உடம்பு தளர்ந்த ஃப்ளையரைத் தூக்குவது தண்ணீர் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்குவது போல, பாரம் உள்ளேயே அலைபாயும். ஒற்றைக் காலில், மற்ற முழங்காலை உயர்த்தி நிற்கும் லிபர்ட்டி நிலையைத் தரையில் முப்பது நொடி அசையாமல் செய்து காட்டிய பிறகே மேலே ஏற்றுங்கள். காலைக் கையால் பிடித்து உயர்த்தும் ஹீல் ஸ்ட்ரெட்ச்சுக்கு வளைந்து கொடுக்கும் தன்மை மட்டும் போதாது, கையை விட்டாலும் கால் அந்த உயரத்தின் பக்கத்தில் நிற்கிற பலம் வேண்டும். கையால் இழுத்து இழுத்தே பழகியவர்களுக்குத்தான் தொடைப் பின்தசை கிழிகிறது. நிலையாகப் பிடித்து நீட்டும் பயிற்சியைப் பயிற்சி முடிந்து உடல் சூடாக இருக்கும்போது, பக்கத்துக்கு முப்பது நொடி வீதம் இரண்டு தடவை செய்யலாம். தொடக்கத்தில் வேண்டியது பத்து நிமிட அசைவுப் பயிற்சி: மெல்லோட்டம், கால் வீச்சு, நடைலஞ்ச், தோள் சுழற்சி.

கால்களை இரு பக்கமும் விரித்து உயர்த்தும் டோ டச் தாவலைப் பற்றிப் பல பயிற்சியாளர்கள் தவறாகவே எண்ணுகிறார்கள். கால் உயரவில்லை என்றால் இன்னும் நீட்டு, இன்னும் விரி என்பார்கள். பெரும்பாலும் குறை இடுப்பின் முன்தசை வலுவில் இருக்கிறது. தரையில் கால்களை அகல விரித்து உட்கார்ந்து, கைகளை முன்னால் ஊன்றி, முழங்காலை மடிக்காமல் இரண்டு கால்களையும் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். பத்து தடவை முடிவதற்குள் பலருக்குத் தொடையில் சுளுக்குப் பிடித்த மாதிரி இழுக்கும். இதை வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு சுற்று செய்தால் தாவல் உயரும்.

தாவுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஓரடி உயரப் பெட்டியிலிருந்து இறங்கி, சத்தமில்லாமல் பாதம் ஊன்றி, முழங்கால் உள்பக்கம் சாயாமல் மூன்று நொடி நிற்பது. ஐந்து தடவை, மூன்று சுற்று. இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் உள்ளே சரிவது மிகவும் சாதாரணம். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் (ACL) அறுவது பெரும்பாலும் அந்தச் சரிவில்தான். தாவல் பயிற்சி தொடங்கினால், புதியவர்களுக்கு ஒரு நாளைக்கு எண்பது முதல் நூறு தரையிறக்கம் போதும். இந்தக் கணக்கில் டோ டச், டம்ப்ளிங் எல்லாமே சேரும். அதை மறந்துவிட்டுத் தனியாக நூறு தாவல் கொடுத்தால், அடுத்த மாதம் பாதி அணி கீழ்க்காலின் முன்னெலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மரத்தளத்தில் பயிற்சி செய்யும் அணிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

இனி மூச்சுத் திறன். மைதானத்தைச் சுற்றி மைல் கணக்கில் ஓட வைப்பது பழைய பழக்கம். இரண்டரை நிமிட உச்ச உழைப்புக்கு அது நேரடியாக உதவாது. முதலிரண்டு வாரம், இருபது நொடி முழு வேகம், நாற்பது நொடி ஓய்வு, எட்டு சுற்று. பிறகு முப்பதுக்கு முப்பது, பத்து சுற்று. அதன் பிறகு ஸ்குவாட்டிலிருந்து தாவும் ஸ்குவாட் ஜம்ப், கை ஊன்றிக் கால்களைப் பின்னால் நீட்டி எழுந்து தாவும் பர்ப்பி, டோ டச், கை அசைவுகள் என்று மாற்றி மாற்றி இரண்டரை நிமிடம் தொடர்ந்து செய்து, மூன்று நிமிடம் ஓய்வெடுத்து, மூன்று தடவை. அந்த இரண்டரை நிமிடமும் கோஷத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். மேடையில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அதில்தான் போகும். போட்டி நெருங்கும்போது நிகழ்ச்சியை முதலில் பாதி பாதியாகவும், பிறகு முழுதாகவும் ஓட்டலாம். ஒரு நாளில் இரண்டு முழு ஓட்டத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவதில் பழகுவது தவறுகள் மட்டுமே.

பயிற்சியின் வரிசை எல்லாவற்றையும்விட முக்கியம். சூடேற்றிய உடனே புதிய ஸ்டன்ட், பிறகு டம்ப்ளிங், பிறகு பழகிய பகுதிகள், கடைசியில்தான் வலுவும் மூச்சுப் பயிற்சியும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. தாமதமாக வந்ததற்குத் தண்டனை என்று முதலிலேயே நூறு பர்ப்பி போட வைத்து, அதே கால்களோடு பிரமிட் கட்டச் சொல்கிறார்கள். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். தண்டனை வாங்கியது ஒரு பிள்ளை, விழுவது வேறொரு பிள்ளை. தூக்கி எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டாஸை உடற்பயிற்சிக் கூடத்தின் வெறும் தரையில் செய்யக் கூடாது, மெத்தையோ புல்தரையோ வேண்டும் என்பது உயர்நிலைப் பள்ளிகளின் தேசிய விதி. களைத்த அணி எந்தத் தரையிலுமே செய்யக் கூடாது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

உடல் எடை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃப்ளையர் மெலிய வேண்டும் என்று யாராவது ஜாடையாகச் சொன்னாலும் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறது. விளைவு, தசை கரைகிறது, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பலம் போகிறது, பேஸுக்குப் பாரம் கூடுகிறது. மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனால் அது எலும்பு பலவீனமாவதன் எச்சரிக்கை. "பயிற்சி அதிகம், அதனால்தான்" என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லியோ, தயிர்ச் சோறோ, முட்டையும் ரொட்டியுமோ சாப்பிடட்டும். அரை மணி முன்பு என்றால் ஒரு வாழைப்பழம் போதும். ஆகஸ்டில் டெக்சாஸ் போன்ற இடங்களில் வெயிலில் பயிற்சி தொடங்கும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாகும். அந்த நாள்களில் நேரத்தைப் பாதியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

கடைசியாக, தலையில் அடிபட்டால். ஃப்ளையர் கீழே விழுந்தால்தான் என்றில்லை, பிடிக்கும்போது அவருடைய முழங்கை பேஸின் தலையில் இடித்தாலும் மூளையதிர்ச்சி வரும். தலைவலி, குமட்டல், மந்தம், வெளிச்சம் கூசுதல், இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்பக் களமிறங்கக் கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகு மெல்லோட்டம், பிறகு தாவல், பிறகு டம்ப்ளிங், பிறகு ஸ்டன்ட் என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு ஏற வேண்டும். எந்தப் படியில் தலைவலி திரும்புகிறதோ, அங்கிருந்து ஒரு படி இறங்கி மறுபடி தொடங்க வேண்டும். போட்டி சனிக்கிழமை என்பதற்காக வெள்ளிக்கிழமை இரண்டு படிகளைத் தாண்ட வைக்கச் சொல்லி யார் கேட்டாலும், பெற்றோர் மறுத்துவிடலாம்.

நன்றி. வணக்கம்.